சமையல் மேடையின் உயரம்

என் கணவருக்குச் சமையலறையில் மட்டும்தான் முதுகு வலிக்கும். காரைக் குனிந்து குனிந்து கழுவும்போது அந்த முதுகு சொன்ன பேச்சைக் கேட்கும். கத்தியைக் கையில் எடுத்தால் போதும், "இந்த மேடை ரொம்பக் குள்ளம், குனிஞ்சா உயிர் போகுது" என்று நழுவிவிடுவார்.

அதனால்தான், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு மாலை நேர வேலை கிடைத்ததும், முதல் காரியமாகச் சமையலறையை மாற்றச் சொன்னேன். "புது மேடை வரட்டும், ராத்திரி சமையல் என் பொறுப்பு" என்று அவரும் வாய்விட்டுச் சொன்னார். எனக்கு அந்த வேலை வேண்டும். வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் மாமியார் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிடுவார். அவருக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

பழைய அலமாரிகளைப் பெயர்த்த அன்று தச்சர் டேப்போடு வந்து நின்றார்.

"யாரும்மா சமைக்கிறது? இப்படி வந்து நில்லுங்க."

சமைப்பவரின் முழங்கைக்கு நாலு விரல் கீழே மேடை வர வேண்டும் என்பது அவர் கணக்கு. அவர் கேட்டு முடிப்பதற்குள் கணவரும் மாமியாரும் என்னைக் கை காட்டினார்கள், திருடனைக் காட்டிக்கொடுக்கிற வேகத்தில்.

"ராத்திரிக்கு அவர்தானே..." என்று இழுத்தேன்.

"அவன் என்னைக்கோ ஒரு நாள் நிக்கப்போறான். அதுக்காக நீ தினமும் கையைத் தூக்கிக்கிட்டா நிப்பே?" என்றார் மாமியார். தச்சர் என் முழங்கையைப் பார்த்துச் சுவரில் பென்சிலால் கோடு இழுத்தார்.

எல்லோரும் டீ குடிக்கக் கூடத்துக்குப் போனார்கள். நான் ஈரத்துணியால் அந்தக் கோட்டை அழித்தேன். பக்கத்தில் நின்றால் என் கணவரின் முழங்கை என்னை எங்கே இடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதற்கு நாலு விரல் கீழே புதிதாக ஒரு கோடு போட்டேன். கோடு நேராகத்தான் விழுந்தது.

கிரானைட் ஏறி, அலமாரிகளுக்குக் கதவும் மாட்டிய பிறகுதான் தச்சர் தலையைச் சொறிந்தார். "நான் போட்ட குறி இது இல்லையே!"

"நான்தான் மாத்தினேன். இது அவர் அளவு."

மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கணவரோ விழுந்து விழுந்து சிரித்தார். "குள்ளக் கத்திரிக்காவுக்கு மூளையைப் பாருங்க!" அதே சிரிப்போடு மேடைமுன் நிமிர்ந்து நின்று ஒரு வெங்காயம் நறுக்கினார். குனியவே இல்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அதன்பிறகு நான் சமைத்தபோது தோள் காதுவரை ஏறியது. ஏறட்டும், நான் வேலையில் சேரும் திங்கட்கிழமைவரைதானே?

மறுநாள் பரிசோதனைக் கூடத்துக்கு நேரில் போய், "திங்கட்கிழமை வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை.

வீட்டு வாசலிலேயே கணவர் என் கண்ணைப் பொத்திச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். கையை எடுத்தார். மேடையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தரையில் மரப்பலகை போட்டிருந்தது. அலமாரிக்கு அடித்த அதே நிறம்.

"நீ எட்டி எட்டி நின்னதைப் பார்க்கவே பாவமா இருந்துச்சு. அம்மா ஐடியா. ஏறிப் பாரு."

ஏறினேன். முழங்கைக்கு நாலு விரல் கீழே மேடை, அவ்வளவு கச்சிதம். அளவைத் தப்பாகச் செய்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"இதை எப்படி நகர்த்துறது?" என்று, மூலையில் கருவிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்த தச்சரிடம் கேட்டேன்.

"நகராதும்மா. தரையோட ஸ்குரூ போட்டு இறுக்கியாச்சு. ஆடினா சூடான பாத்திரத்தோட விழுந்துடுவீங்கல்ல?"

"நீங்க நில்லுங்க" என்றேன் கணவரிடம். அவர் பலகையில் ஏறி, மேடையில் கை வைத்து, குனிந்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அடடா, எனக்கு மறுபடியும் குள்ளமாப் போச்சே! நீ வேலைக்கு வர்றதா அவங்ககிட்ட பதில் எதுவும் சொல்லிடலையே?"

"சொல்லிட்டேன்."

"பரவால்ல, போன் பண்ணி வேணாம்னு சொல்லிக்கலாம்" என்றபடி பலகையிலிருந்து இறங்கினார். வெங்காயக் கத்தியை எடுத்துத் துடைத்து, என் கையில் பட்டுவிடக் கூடாதே என்று கைப்பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார்.