சின்னக்கண்ணு சொன்னதில் பாதி

காலை ஏழே காலுக்கு அந்த மஞ்சள் வேன் தெருமுனையில் இரண்டு முறை ஹாரன் அடிக்கும். ஓட்டுபவர் பழனிக்குமார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவருடைய அப்பா சின்னக்கண்ணு, வயது அறுபத்து நான்கு. வண்டி நின்றதும் முதலில் இறங்குவது அவர்தான். பிள்ளைகளின் பையை வாங்கி உள்ளே வைப்பார், பொடிசுகளைத் தூக்கி ஏற்றுவார், கதவைச் சாத்திவிட்டு "ரைட்டு, போலாம் ரைட்டு" என்று பஸ் கண்டக்டர் மாதிரி குரல் கொடுப்பார். அவரை யாரும் அந்த வேலைக்கு வைக்கவில்லை. வீட்டில் சும்மா உட்காரச் சொன்னால் அவருக்குக் கை கால் குடையும்.

வாயும் சும்மா இராது. இந்தக் காலத்துச் சமாச்சாரம் எது கண்ணில் பட்டாலும் அவருக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரிதான். "எங்க காலத்துல பல்லுக்குச் சாம்பலு. இப்ப பல்லுக்கு ஒண்ணு, ஈறுக்கு ஒண்ணு, நாக்கு வழிக்க ஒண்ணு. அம்புட்டும் போட்டும் பல்லு டாக்டர் வாசல்ல கூட்டம் கொறையலையே!" என்பார். முழங்காலில் கிழித்து விற்கும் ஜீன்ஸைப் போட்ட பையன் எதிரே வந்தால், "தம்பி, நானும் கிழிஞ்சதுதான் போட்ருக்கேன். எனக்குத் தானாக் கிழிஞ்சது, உனக்குக் காசு குடுத்துக் கிழிச்சதா?" என்று சட்டை கிழிந்த தோளைக் காட்டுவார். பிள்ளைகள் "தாத்தா வேற லெவல்" என்று கத்தும். "எந்த லெவலு அப்பு, லெவல் கிராஸிங்கா?" என்பார்.

அந்தக் கிழிந்த சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மருமகள் தீபா தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று எடுத்துக் கொடுத்த சட்டைகள் பீரோவில் குண்டூசி கழற்றாமல் அடுக்கியிருந்தன. "மாமா, மானத்தை வாங்காதீங்க, நல்லதைப் போடுங்க" என்று அவளும் சண்டை போட்டுப் பார்த்துவிட்டாள். நல்ல சட்டை விசேஷத்துக்கு, கிழிந்தது உழைப்புக்கு என்பது அவர் கணக்கு.

வேனில் அவர் தினமும் சொல்லும் ஒரு நக்கல் உண்டு. பள்ளிக்கூடம் நெருங்கும்போது பெருமூச்சு விட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "பிள்ளைக எங்க நம்மளப் பாக்குதுக?" என்பார். ஒரு நொடி இடைவெளி விடுவார். உடனே பதினாலு பிள்ளைகளும் சேர்ந்து, "செல்லைல்ல பாக்குதுக!" என்று கூரை அதிரக் கத்தும். பழனிக்குமாருக்கு அது கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனாலும் சிரிப்பு வந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை, சின்னக்கண்ணு கன்னிவாடிப் பக்கம் இருந்த தன் அரை ஏக்கர் கத்தரித் தோட்டத்துக்குப் போய்விட்டு, மத்தியானம் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் மண். மகன் போன் பண்ணினார். "அப்பா, சனாவுல்லா பாய் கடைல பிரியாணி சொல்லிட்டேன். காசும் செல்லுலயே போட்டுட்டேன். நீ பேரச் சொல்லி வாங்கிட்டு மட்டும் வா." கடையில் கூட்டமாக இருந்தது. சின்னக்கண்ணு பேரைச் சொல்லிவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவன் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தான். இன்னொருவன் இளஞ்செழியன். ஏழைகளுக்கு உதவுவதைப் படம் பிடித்துப் போடுகிற சேனல் வைத்திருப்பவன். கையில் ஒரு பொட்டலம்.

"தாத்தா, இந்தாங்க பிரியாணி."

சின்னக்கண்ணு அவனைக் கடைக்காரப் பையன் என்று நினைத்தார். மகன் காசு போட்ட பொட்டலம் வந்துவிட்டது என்று எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். "இம்புட்டு வெரசா வந்துருச்சா! மகராசனா இருப்பா."

"வீட்ல பிள்ளைங்க உங்களப் பாத்துக்கிறாங்களா தாத்தா?"

இப்படி ஒரு கேள்வி அவர் மாதிரி ஆளிடம் கேட்கலாமா? வாய் சும்மா இருக்குமா? பெருமூச்சு விட்டார், முகத்தைத் தொங்கப் போட்டார். "பிள்ளைக எங்க நம்மளப் பாக்குதுக?" ஒரு நொடி விட்டார். "செல்லைல்ல பாக்குதுக!" என்று சொல்லிவிட்டுப் பொக்கை தெரியச் சிரித்தார். அந்தப் பையன்களும் சிரித்தார்கள், போய்விட்டார்கள்.

அப்போது உள்ளேயிருந்து சனாவுல்லா, "சின்னக்கண்ணு அண்ணே, உங்க பார்சல் இங்கல்ல இருக்கு!" என்று கூப்பிட்டார். அன்று அந்த வீட்டில் இரண்டு பிரியாணி. ஆள் தெரியாமல் யாரோ ஓசியில் கொடுத்துவிட்டுப் போன கதையைச் சொல்லிச் சொல்லி மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த வீடு அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான் கடைசி.

திங்கள்கிழமை அந்தக் காட்சி ஊரெல்லாம் ஓடியது. கிழிந்த சட்டை, மண் அப்பிய கை, எழுந்து நின்று பொட்டலத்தை வாங்குகிற பணிவு, பெருமூச்சு. "பிள்ளைக எங்க நம்மளப் பாக்குதுக?" என்ற இடத்தில் வெட்டி, அழுகிற வயலினைச் சேர்த்திருந்தார்கள். கீழே, 'பெத்த பிள்ளை கைவிட்ட தாத்தா' என்று எழுத்து. இரண்டே நாளில் ஆறு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

வேன் பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் அதை முதலில் போட்டவள் அறிவுச்செல்வி. மூன்றாம் வகுப்புக் கீர்த்தனாவின் அம்மா. கெட்டவள் இல்லை. அன்று காலைகூட ரோஜாப்பூப் படத்தோடு 'தீர விசாரிப்பதே மெய்' என்று அதே குழுவில் காலை வணக்கம் போட்டிருந்தாள். வீடியோவைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணீர் பொங்கியது. அழுதுகொண்டே எழுதினாள்: 'இது நம்ம வேன் தாத்தா. நாம நம்பிப் பிள்ளைகள அனுப்புறோம். யோசிங்க.'

எல்லாரும் யோசித்தார்கள். எப்படி யோசித்தார்கள் தெரியுமா? தினமும் கண்ணால் பார்த்ததையெல்லாம் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். தாத்தா வேனில் வந்தது, பெற்ற அப்பனைச் சம்பளமில்லாத கிளீனராக வைத்திருந்த கொடுமை ஆனது. கிழிந்த சட்டை சாட்சி ஆனது. அவர் சிரித்தது, மகனுக்குப் பயந்து சிரித்தது ஆனது. 'அப்பனையே பாக்காதவன் நம்ம பிள்ளையவா பாப்பான்?' என்று ஒருவர் எழுதினார். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதினாலு பிள்ளைகள் மூன்றானது.

வேனின் பின்பக்கம் எழுதியிருந்த நம்பரை யாரோ வீடியோவுக்குக் கீழே போட்டுவிட, எங்கெங்கிருந்தோ அழைப்புகள் வந்தன. தீபா எடுத்தால் அவளைத் திட்டினார்கள். "கெழவனுக்குச் சோறு போடாம நீ மட்டும் கொட்டிக்கிறியாடி?" என்று கேட்ட குரல் எந்த ஊர்க் குரலோ. சனாவுல்லா நடந்ததை நடந்தபடி கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் நாலு பேர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

பழனிக்குமார் இளஞ்செழியனைத் தேடிப் பிடித்தார். அவன் பயந்துபோனான். "அண்ணே, கெட்ட எண்ணம் இல்லண்ணே. ஒரு நிமிசத்துக்குள்ள முடிக்கணும். சிரிப்பு வந்தா யாரும் பாக்க மாட்டாங்க, அதான் அந்த எடத்துல வெட்டிட்டேன்" என்றான். வீடியோவை எடுத்துவிட்டான், முழுசையும் போட்டு மன்னிப்பும் கேட்டான். அதை முந்நூறு பேர் பார்த்தார்கள். வெட்டிய துண்டை அதற்குள் வேறு நூறு சேனல்கள் எடுத்துப் போட்டுவிட்டன.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது பழனிக்குமார் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்பா, மனசுல எதுவும் இருக்கா? நெசமாவே நாங்க ஒன்னயப் பாக்கலன்னு நெனச்சியா?"

சின்னக்கண்ணு எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். ஊர் கேட்டதை அவர் தாங்கிக்கொண்டார். மகன் கேட்டதைத் தாங்க முடியவில்லை. "ஏலே, என்னடா இப்படிக் கேட்டுப்புட்ட?" என்றார். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

மறுநாள் பீரோவைத் திறந்து, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வேனை விட்டு நின்றுபோன பிள்ளைகளின் வீடு வீடாக நடந்தார். "என் மகன் எனக்குச் சோறு போடுறான்மா. நல்லாப் பாத்துக்கிறான்" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். பெற்ற மகன் சோறு போடுகிறான் என்று தெருத் தெருவாகச் சாட்சி சொல்லும் கதி எந்த அப்பனுக்கும் வரக் கூடாது. அறிவுச்செல்வி அவர் காலரில் கழற்ற மறந்த குண்டூசியைப் பார்த்தாள். புதுச்சட்டை மாட்டி, மிரட்டி, சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான் பாவி என்று அவள் வயிறு எரிந்தது. "பயப்படாமச் சொல்லுங்கய்யா. போலீசுல சொல்லுவோம்" என்று காதருகே சொன்னாள். அவர் படியிறங்கி அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அடுத்த மாதம் வேன் விலைபோனது. பழனிக்குமார் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லின் பஸ்ஸுக்கு டிரைவராகப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, அறிவுச்செல்வியின் தங்கை ஊரிலிருந்து வந்திருந்தாள். பேச்சுவாக்கில் அறிவுச்செல்வி அந்த வீடியோவைத் தேடி எடுத்துக் காட்டினாள். தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த கீர்த்தனாவுக்குக் குரல் மட்டும் கேட்டது.

"பிள்ளைக எங்க நம்மளப் பாக்குதுக?"

"செல்லைல்ல பாக்குதுக!" என்று நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கத்தினாள் கீர்த்தனா.

அறிவுச்செல்வி திரும்பினாள். "என்னடி சொன்ன?"

"தாத்தா டெய்லி சொல்ற ஜோக்கும்மா. அவரு மொதப் பாதி சொல்லுவாரு, நாங்க மீதி சொல்லுவோம்." எட்டிப் பார்த்தாள். "இதுல ஏம்மா மீதியக் காணோம்?"

அறிவுச்செல்வி வீடியோவை நிறுத்தினாள். பதினாலு பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். ஒரு பிள்ளையிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அழுவதற்கு நேரம் இருந்தது, அனுப்புவதற்கு நேரம் இருந்தது, கேட்பதற்கு மட்டும் இல்லாமல் போயிற்று.

மகளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். தீபா "வாங்கக்கா" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. அறிவுச்செல்வி சொம்பைக் கீழே வைத்தாள். "நான்தான் தம்பி மொதல்ல அனுப்புனேன். என்னைய மன்னிச்சிருங்க" என்று பழனிக்குமாரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பழனிக்குமார் மில் யூனிபார்மில் இருந்தார். கோபப்படவில்லை. "பொய்யின்னா எதுத்து நின்னிருப்பேன்க்கா. அது எங்கப்பா மொகம், எங்கப்பா குரலு, எங்கப்பா சொன்ன சொல்லு. பாதி நெசத்த எப்படிக்கா இல்லைங்கிறது?" என்றார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சின்னக்கண்ணு மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். இப்போதெல்லாம் தினமும் நல்ல சட்டைதான். கீர்த்தனா அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவரை மாதிரியே முகத்தைத் தொங்கப் போட்டு, "பிள்ளைக எங்க நம்மளப் பாக்குதுக?" என்று சொல்லிவிட்டு, மீதிக்காகக் காத்திருந்தாள்.

அவர் வாய் திறந்தது. கண் மட்டும் அறிவுச்செல்வியின் கையிலிருந்த செல்போன் பக்கம் போய் வந்தது. அப்புறம், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"என் மகன் என்னைய நல்லாப் பாத்துக்கிறான், கண்ணு."

கீர்த்தனாவுக்குப் புரியவில்லை. அறிவுச்செல்வி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

பாதித் தெரு நடப்பதற்குள் செல்போன் சிணுங்கியது. குழுவில் யாரோ அனுப்பிய வீடியோ. ஏதோ ஒரு ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் தன் பிள்ளையை அடிக்கிறாள். 'இவளெல்லாம் ஒரு தாயா? எல்லாருக்கும் அனுப்புங்கள்.'

"அனுப்பப் போறியாம்மா?" என்றாள் கீர்த்தனா.

அறிவுச்செல்வி அதை அழித்தாள். "இல்லடி. அந்தக் காலத்துல கோள் சொல்றவ நாலு வீட்டுப் படி ஏறி எறங்கணும். பாதி வழியில புத்தி வந்து திரும்புனாலும் திரும்புவா. இப்பக் கட்டைவெரலு போதும், புத்தி வர்றதுக்குள்ள ஊரே எரிஞ்சுரும். முன்ன என்ன, பின்ன என்னன்னு கேக்காம ஒருத்தர் மானத்தக் கைமாத்தி விட்டா, அதுக்குப் பேரு கோளுதான். அழுதுக்கிட்டே அனுப்புனாலும் கோளு கோளுதான்டி."