ஐந்து பேருக்கு விடுதலை

பாறசாலை ஜங்ஷனில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் லேகா சேச்சி அன்று எந்த வாடிக்கையாளரையும் சரியாகக் கவனிக்கவில்லை. கடை டிவியில் பாட்டை மாற்றிச் செய்தி வைத்திருந்தாள். தலைநகரில் இரண்டு தலைவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் நம் நாட்டுத் தலைவர். மற்றவர் தெற்கே கடலுக்குள் கிடக்கும் ஒரு தீவு நாட்டின் அதிபர். நெடுங்கால நட்பு நாடு என்று செய்தி வாசிப்பவள் சொன்னாள்.

அந்த நட்பு நாட்டின் சிறையில்தான் கடையில் வேலை பார்க்கும் ஸ்டெஃபியின் அப்பா பத்ரோஸும், அவளுக்கு நிச்சயம் செய்திருந்த மெல்பினும் இருந்தார்கள். கூட இன்னும் நான்கு பேர். பொழியூரிலிருந்து சூரை மீன் பிடிக்கப் போன படகு, எஞ்சின் நின்று, நீரோட்டம் இழுத்து, எல்லை தாண்டிவிட்டது. ஸ்டெஃபி பில் போடும் மேசையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

"இரு நாடுகளுக்கும் பொதுவான கவலைகள் குறித்துத் தலைவர்கள் பேசுவார்கள்" என்று கீழே எழுத்து ஓடியது.

"நம்ம ஆளுவளப் பத்திப் பேசுவாவளா சேச்சி?"

"பேசாம பின்ன? மரம் நட்டாச்சு, போட்டோ பிடிச்சாச்சு. இனி சோறு தின்னிட்டுப் பேசுவாவ. சிரிச்சுச் சிரிச்சு ரெண்டு பேருக்கும் கன்னம் வலிக்கும், பாரு."

தீவுக் காவல்படை படகில் ஏறியபோது முதலில் கேட்டது, கேப்டன் யார் என்று. படகை ஓட்டும் ஸ்ராங்கு பத்ரோஸ்தான். ஆனால் கை தூக்கியது மெல்பின்.

அது கரையில் எல்லோருக்கும் பழகிய வழக்கம். இரண்டு கரைக்காரர்கள் வலைக்காக அடித்துக்கொண்டு போலீஸ் வந்தால், வீட்டுப் பெரியவரை ஸ்டேஷனுக்கு அனுப்பமாட்டார்கள். இளவட்டம் ஒருவன் "நான்தான்" என்று ஜீப்பில் ஏறுவான். சாயங்காலம் பங்குச் சாமியார் கமிட்டி ஆட்களோடு போய்ப் பேசுவார். ராத்திரிச் சோற்றுக்குப் பையன் வீட்டில் இருப்பான். மெல்பின் தன் அண்ணனுக்காக அப்படி ஏறியிருக்கிறான். மாமனாராகப் போகிறவருக்காக ஏறமாட்டானா? படகில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். பத்ரோஸும் ஆட்டினார். போய்ப் பேச அங்கே எந்தச் சாமியாரும் இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் டிவியில் கூட்டறிக்கை வந்தது. துறைமுகம், கடல் பாதுகாப்பு, மின்சாரம். கடைசியில் மீனவர்.

"அஞ்சு பேரு! எடி ஸ்டெஃபி, அஞ்சு பேர விட்டாச்சு!" என்று கத்திய லேகா சேச்சி, அடுத்த வரி வந்ததும் கையைக் கீழே இறக்கினாள். படகின் கேப்டன் மீதான வழக்கு தொடரும்.

"அப்பா வாறாருல்லா மக்கா," என்றாள் மெல்ல.

"ம்."

பாத்ரூமுக்கு வெள்ளை நல்லதா, கிரீம் நல்லதா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். கிரீம், அழுக்கு தெரியாது என்று ஸ்டெஃபி சொன்னாள். பில்லும் தப்பில்லாமல் போட்டாள்.

பத்ரோஸ் மாலையோடு வந்து இறங்கினார். உள்ளூர்க்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஸ்டெஃபியின் அம்மா ஜேனட் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். அவர் தின்றதைவிடப் பிசைந்ததுதான் அதிகம்.

சனிக்கிழமை சிறையிலிருந்து மெல்பின் பேசினான்.

"மாமா சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாவ."

"சுகர் மாத்திரை?"

"போட்டாவ."

"என்மேல கோவம் உண்டா?"

"இல்ல."

உண்மைதான். கோபம் எங்காவது இருக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். எதுவும் தட்டுப்படவில்லை.

"மாமா எங்கயாவது போய் ஏதாவது சொல்லிப்போடுவாரு. விடாத, கேட்டியா. ரெண்டு வருஷம் கிடைக்கும்னு சொல்லுதாவ, அது இப்பம் போயிரும். அதுக்குள்ள நீ தடிச்சிராத. கல்யாண பிளவுஸ் பத்தாமப் போனா நான் பொறுப்பில்ல."

அவள் சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் எழுப்பினாள். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

வழக்கைக் கவனிக்கும் நெய்யாற்றின்கரை வக்கீல் விஜயதாஸ் போனில் ஏற்கெனவே சொல்லியிருந்தார். உண்மையான ஸ்ராங்கு யார் என்று பத்ரோஸ் எழுதிக் கொடுத்தால் மெல்பினின் வழக்கு உடையும். ஆனால் பத்ரோஸ் திரும்ப அந்தத் தீவுக்குப் போய்க் கோர்ட்டில் நிற்க வேண்டும். நின்ற பிறகு அவர்கள் அவரை விடுவார்களா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

"போய் நிக்கணுமோ," என்று கேட்டதோடு பத்ரோஸ் பேச்சை நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு கடற்கரைக்கும் போகவில்லை. யாராவது வந்தால் எழுந்து உள்ளறைக்குப் போனார்.

அடுக்களையில் ஜேனட் மகளின் கையைப் பிடித்தாள். "வேண்டாம்னு நீ ஒரு வாக்கு சொல்லு மக்கா. நான் சொன்னா அவருக்குக் கேக்காது. நீ சொன்னா இருந்திருவாரு. சுகரு உள்ள மனுசனாக்கும்."

ஸ்டெஃபி பாத்திரத்தைத் துடைத்துக் கவிழ்த்தாள்.

திங்கட்கிழமை காலை பத்ரோஸ் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, நடையில் வந்து நின்றார்.

"வக்கீலப் பாத்துட்டு வாறேன்."

அவர் செருப்பை மாட்டினார். நேராக இருந்த காலரை மறுபடி நேராக்கினார். ஜேனட் மகளைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இரண்டு பேரும் நின்றார்கள் என்று ஸ்டெஃபிக்குத் தெரிந்தது. சொல் வாயில் இருந்தது. அதைச் சொன்னால் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். மெல்பின் அடுத்த சனிக்கிழமையும் மாத்திரை போட்டாரா என்று கேட்பான்.

பத்ரோஸ் முற்றத்தில் இறங்கினார்.

"நில்லுங்கப்பா."

சட்டென்று திரும்பினார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை அவளால் பார்க்க முடியவில்லை. குனிந்து தன் செருப்பைத் தேடினாள்.

"நானும் வாறேன்," என்றாள்.

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"கொட எடுத்துக்க," என்றார். "மழ வருது."