மூக்குக்காக வாங்கிய காய்

...வெங்காயம் என்று நினைத்துத்தான் கையில் எடுத்தான், ஆனால் வெங்காயத்துக்கு எதற்கு இத்தனை தடித்த பச்சைத் தண்டு, உச்சியில் தூங்கி எழுந்த தலைமயிர் போல இலை, முகர்ந்தால் சோம்பு, சுத்தமான சோம்பு, மூக்கைத் துளைக்கிறது, துளைக்கட்டும், அதுதானே வேண்டும்... காய்ச்சல் வந்து போனதிலிருந்து இரண்டு மாதமாக அவன் மனைவிக்கு மூக்கு வேலை செய்யவில்லை, ரோஜாவும் ஒன்றுதான் ரப்பரும் ஒன்றுதான், சாப்பாடு காகிதம் மாதிரி இருக்கிறது என்று சமையலறைப் பக்கமே போவதில்லை, கரண்டி இவன் கைக்கு வந்துவிட்டது, லிஃப்ட் மெக்கானிக் கரண்டியை ஸ்பேனர் மாதிரி பிடிக்காமல் வேறெப்படிப் பிடிப்பான்? "இது என்னம்மா?" என்று காய்க்காரியைக் கேட்டான். "சோம்புக் கிழங்குண்ணே. சமைக்கத் தெரியுமா?" "அட, நீ வேற! எங்க வீட்டுல வாரத்துக்கு ரெண்டு தடவை இதுதான்." பெயரையே இப்போதுதான் கேட்டான், அதற்குள் இப்படி ஒரு புளுகு, தேவையா? காய்க்காரி நல்லவள், சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு பையில் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து கத்தியை எடுத்தால், எங்கே வெட்டுவது, தண்டைத் தின்பதா இலையைத் தின்பதா, மேலே ஒரு அடுக்கை உரித்தால் உள்ளே இன்னொன்று, இப்படியே உரித்துக்கொண்டு போனால் கடைசியில் கையில் என்ன மிஞ்சும், எந்த மெஷினையும் திறக்க ஒரு திருகாணி இருக்கும், இதற்கு அதுவும் இல்லை... ஒரு துண்டைப் பச்சையாகக் கடித்தான், கரக் முரக்கென்று ஒரே தண்ணீர், லேசான இனிப்பு, பரவாயில்லையே, வாணலியில் வெண்ணெயைப் போட்டு, நறுக்கியதைக் கொட்டி, உப்புத் தூவி மூடி வைத்தான். என்ன வைத்தாலும் "நல்லா இருக்குங்க" என்று சாப்பிடுகிறாள், பாவம், ருசி தெரியாதவள் கொடுக்கும் பாராட்டு, அது இவனுக்கும் தெரியும், ஆனாலும் தினமும் கேட்டுக் கேட்டுத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று, நேற்றுகூட வேலையிடத்தில் நம்ம கைப்பக்குவமே தனி என்று அளந்தானே, ஐந்தாவது மாடியில் லிஃப்டுக்குள் ஒரு அம்மாள் மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருக்க...

"ஏங்க, அடி பிடிக்குது பாருங்க!"

பதறி மூடியைத் திறந்தால் ஒரு பக்கம் கரி. அடுப்பை அணைத்த பிறகுதான் உறைத்தது, அவள் கூடத்தில் அல்லவா இருக்கிறாள், கரண்டியோடு ஓடினான். "உனக்கு வாசனை தெரியுதா?" "தெரியாம என்ன? போன வாரம் சூப்பைத் தீய விட்டீங்களே, அதே நாத்தம்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

போன வாரமா? அந்தச் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தாளே, நல்லா இருக்குங்க என்றாளே, அப்படியானால் மூக்கு வந்தது எப்போது, அதற்கு முன்னாலா, சமையலில் இருந்து தப்பிக்கத்தானா, இல்லை இவன் ஒவ்வொரு நாளும் தட்டை நீட்டிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பானே, அதற்காகவா... எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், கரியை ஒதுக்கினால் உள்ளே வெண்ணெயாகக் கரைந்தது, அவள் கண்ணை மூடி மென்றுவிட்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். கேட்டுவிடலாம், கேட்டால் உண்மை தெரியும், கரண்டியும் நாளைக்கே கை மாறும், நல்லதுதானே, அடுப்படியில் நின்று நின்று வலிக்கிற இடுப்பாவது தப்பிக்கும்... வாயைத் திறந்தான்.

"தீயை இன்னும் கொஞ்சம் குறைச்சு வச்சிருக்கணுமோ?" என்றான்.