சேஷாத்ரியின் இரண்டு புரோகிராம்கள்

மனிதன் காலத்தை வென்ற நாளைச் சரித்திரம் என்றாவது தேடுமானால், கல்கத்தாவில் கரியாஹாட் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், 1987 செப்டம்பரில் தேட வேண்டும். அன்று காலை பதினொரு மணி நிலவரப்படி காலம் இன்னும் வெல்லப்படவில்லை. திரையில் ஒன்றுமே இல்லை.

கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் சேஷாத்ரி, வாழ்நாளில் முதல்முறையாகத் தாமே ஒரு வேலையைச் சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தார். அதுவரை பிறர் எழுதியவற்றில் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டதுதான் அவருடைய பங்கு. இது, பிறந்த தேதியைக் கொடுத்தால் கிழமையைச் சொல்லும்.

மாலை மூன்று மணிக்கு ஊழியர்களின் குடும்பத்தார் வந்து கம்ப்யூட்டரைப் பார்க்கும் விழா. டைரக்டரைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. டைரக்டர் வடையைத்தான் பார்ப்பார். ஜகதாம்பாள் வருகிறாள் என்பதுதான் கவலை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவி அலுவலகத்துக்குள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. தமிழர்கள் கூடும் லேக் மார்க்கெட்டில் யாராவது விசாரித்தால், "ஏதோ மிஷின் ரிப்பேர் பண்றார்" என்று சொல்லிவருகிறாள். "மிக்ஸியும் பார்ப்பாரோ?" என்று ஒரு மாமி கேட்டதிலிருந்து சேஷாத்ரிக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இன்று ஜகதாம்பாள் உட்கார வேண்டும், தேதியைச் சொல்ல வேண்டும், திரை பதில் சொல்ல வேண்டும்.

கிழமை கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் போதும். டெல்லியில் இரண்டு வாரம் பயிற்சி பெற்றவருக்குப் போதாது. யூனிக்ஸ் சிஸ்டத்தில் சின்னச் சின்ன புரோகிராம்களைப் பைப் போட்டு இணைப்பதுதான் அழகு என்று அங்கே சொல்லியிருந்தார்கள். ஆகவே ஒன்று தேதியைக் கேட்டு வாங்கிப் பைப் வழியாக மற்றதற்கு அனுப்பும். மற்றது கணக்குப் போட்டு, இன்னொரு பைப் வழியாகக் கிழமையைத் திருப்பி அனுப்பும். முதலாவது அதை நட்சத்திரக் கரை வைத்த கட்டத்துக்குள் காட்டும். கணக்குப் போடுவதைத் தனியாக ஓட்டினால் டெர்மினல் திரையில் டக்கென்று பதில் வந்தது. இணைத்தால் இரண்டும் ஊமையாகிவிட்டன.

"செத்துப்போச்சு," என்று சேஷாத்ரி மறுபடியும் நிறுத்தும் பொத்தானை அமுக்கினார்.

அது அந்த ஊர் பழக்கம். திரை சற்று யோசித்தாலே லோட்ஷெடிங் வரப்போகிறது என்று ஓடுவதை நிறுத்திவிடுவார்கள். கரண்ட் போய்க் கொல்வதற்கு முன்னால் நாமே கொன்றுவிட்டால் ஒரு கௌரவம்.

"எக்டூ தாடான் சார்," என்றாள் வனஜா. கல்கத்தாவிலேயே, டாக்குரியாவில் பிறந்து வளர்ந்த ஜூனியர் புரோகிராமர். பதற்றம் வந்தால் வங்காளிதான் முதலில் வரும். "கொஞ்சம் பொறுங்கோ. நிறுத்தாதீங்கோ."

"எதுக்குப் பொறுக்கறது? கணக்குப் போடறதோட முதல் வரியிலேயே 'வந்துவிட்டேன்'னு பிரிண்ட் பண்ணச் சொல்லியிருக்கேன். அதுவே வரலை. அப்படின்னா அது கிளம்பவே இல்லை. கேபிள் லூஸ்."

"பைப்னா கேபிள் இல்லை சார். உள்ளேயே இருக்கறது."

"தெரியும்," என்றார் சேஷாத்ரி, கையில் பிடித்திருந்த கேபிளை மெல்ல விட்டுவிட்டு.

வனஜா அந்த 'வந்துவிட்டே'னைப் பிழைச் செய்திகள் போகும் தனிப் பாதைக்கு மாற்றினாள். அந்தப் பாதை பைப்புக்குள் போகாது. நேரே திரைக்கு வரும். பதில் எழுதும் இடத்துக்குக் கீழே 'சொல்லிவிட்டேன்' என்றும் ஒன்று சேர்த்தாள். ஓட்டினாள். 'வந்துவிட்டேன்' உடனே வந்தது. ஒரு தேதியைக் கொடுத்ததும் 'சொல்லிவிட்டேன்' என்பதும் திரையில் வந்து நின்றது. கட்டம் மட்டும் காலி.

"சொல்லிட்டேங்கறதே. யார்கிட்ட சொல்லித்து?"

"சொன்னதைக் கையிலேயே வச்சிண்டிருக்கு சார். எதிர்ல டெர்மினல் இருந்தா ஒவ்வொரு வரியையும் உடனே குடுத்துடும். பைப் இருந்தா, மூட்டை நிறையட்டும்னு சேர்த்து வைக்கும். தேதி கேக்கறது பதிலுக்குக் காத்திண்டிருக்கு, கணக்குப் போடறது அடுத்த தேதிக்குக் காத்திண்டிருக்கு. நீங்க பொத்தானை அமுக்கினா மூட்டையோட போயிடறது. அதான் உங்க 'வந்துவிட்டேன்' வரலை."

சேஷாத்ரியின் முகம் மலர்ந்தது. சர்க்கார் உத்தியோகத்தில் அவர் சந்தேகமறக் கற்ற விஷயம் இது.

"நம்ம டெஸ்பாட்ச் செக்‌ஷன்," என்றார். "பை ரொம்பற வரைக்கும் ஒரு தபால் வெளியில போகாது."

"அதேதான் சார். அங்கே நீங்க போய் அதட்டுவேள். இங்கே அதட்டறதுக்கு ஒரு வரி இருக்கு, எஃப்ஃப்ளஷ்."

அந்த வரியைத் தாமே அடிப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். வனஜா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "வரி முடிவுல செமிகோலன்," என்று ஜன்னலிடம் சொன்னாள். அதையும் அடித்தார். ஓட்டியதும் கட்டத்துக்குள் கிழமை வந்து உட்கார்ந்தது.

"உங்காத்து மாமி அசந்துபோயிடுவா பாருங்கோ," என்றாள் வனஜா.

மூன்று மணிக்கு டைரக்டர் வடையைப் பார்த்துவிட்டுப் போனார். பட்டுப்புடவையில் வந்த ஜகதாம்பாள், வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னதால், திரைக்கு முன்னால் கையைப் பாதி கூப்பிவிட்டாள்.

"உட்காரு. உன் பிறந்த தேதியைச் சொல்லு," என்றார் சேஷாத்ரி, கூடியிருந்த குடும்பங்கள் அத்தனைக்கும் கேட்கும்படி.

"வைகாசி மாசம், கேட்டை."

"இங்கிலீஷ் தேதி."

"அது எனக்கெங்கே தெரியும்? கிழமை வேணா..."

"கிழமையை மிஷின் சொல்லும். நீ சொல்லாதே."

திரையில் கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"உன் தேதி எனக்குத் தெரியாதா என்ன," என்று சேஷாத்ரி 1-6-1936 என்று அடித்தார்.

கட்டத்துக்குள் திங்கட்கிழமை என்று வந்தது.

ஜகதாம்பாள் திரையைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். மின்விசிறிக்கு அடியிலும் அவர் காதோரம் வியர்த்திருந்தது.

"எங்கம்மாவும் அதான் சொல்லுவா," என்றாள் பொதுவாக. "திங்கட்கிழமைன்னு."

கை தட்டினார்கள். வனஜா எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் தட்டினாள்.

டிராமுக்கு நிற்கும்போது சேஷாத்ரி கேட்டார்: "நிஜமாவே திங்கட்கிழமையா?"

"வெள்ளிக்கிழமை."

"பின்னே ஏன் அப்படிச் சொன்னே?"

"உங்களுக்கு வேர்த்துது," என்றாள் ஜகதாம்பாள்.

அவர் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அதில் விழாவில் கொடுத்த இரண்டு வடையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"அந்த ஒண்ணாம் தேதி எங்கேர்ந்து வந்தது உங்களுக்கு?"

சேஷாத்ரி டிராம் வருகிறதா என்று பார்த்தார்.

ஜூன் ஒன்று, அவர் வேலையில் சேர்ந்த தேதி.