ஏப்ரல் மாதத்துப் பெண்மான்

பதினொரு வருட லண்டன் சீவியத்தில் என் புருசன் யாக்கோப்புக்கு வந்த ஆங்கிலம் இவ்வளவுதான்: யெஸ், நோ, நோ ப்ரொப்ளம். அதனால் தொண்ணூற்றைந்து ஒக்டோபரில் கனடா விசா நேர்முகத்துக்கு மொழிபெயர்க்க நானும் கூடப் போக வேண்டியதாயிற்று.

விசா எதற்கு? வேட்டைக்கு. கண்டறியாத வேட்டை என்று நானே எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். ஆனால் இந்த முறை கூப்பிட்டவர் அவருடைய அண்ணை பெனடிக்ற். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் இவரைத் தூக்கி வளர்த்த மனிதர். கனடாவின் வடக்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். ஒன்பது வருடமாக எங்களோடு பேச்சில்லை. அப்படிப்பட்டவர், "கண் மங்கிக்கொண்டு வருது. இந்த நவம்பர்தான் எனக்குக் கடைசி வேட்டை. நீ வா" என்று கடிதம் போட்டிருந்தார். இவர் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து வேலைக்கும் கொண்டு போனார்.

ஏன் பேச்சில்லை என்று கேட்பீர்கள். மன்னாரில் இவர்களுடைய ஊர் வேட்டைக்காரருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சினைமானைத் தொடக்கூடாது. தொட்டவனை எந்தக் கூட்டமும் சேர்க்காது. அவன் கொண்டுவரும் இறைச்சியை நாய்க்கும் போடமாட்டார்கள். எண்பத்தாறு ஏப்ரலில், லண்டன் ஓரத்து எப்பிங் காட்டில் கம்பிச் சுருக்கு வைத்து ஒரு சினைமானைக் கொன்றதாக என் புருசன் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். அபராதம் விதித்தார்கள். பொலிஸ் பதிவிலும் பெயர் ஏறியது. அந்தச் செய்தி மன்னாருக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்கும் போனது. பெனடிக்ற் அத்தான் அன்றோடு கடிதத்தை நிறுத்தினார்.

ஆனால் கொன்றது இவர் இல்லை. என் தம்பி பீற்றர். அதற்கும் காரணம் நான்தான். வயிற்றில் மகளோடு மசக்கையில் கிடந்தபோது, மான் இறைச்சி வத்தல் ஒரு துண்டு இருந்தால் சோறு இறங்கும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். காடென்றால் எல்லாருக்கும் பொது என்று நினைக்கிற சனம் நாங்கள். லண்டன் காட்டு மானுக்கும் உடையவன் இருப்பான் என்று எங்களுக்கு ஆர் சொன்னது? வேட்டையில் அரிச்சுவடியும் தெரியாத அந்த விசரன், இவருடைய காரை எடுத்துக்கொண்டு போய்ச் சுருக்கு வைத்தான். காட்டுக் காவலாளி கார் நம்பரைக் குறித்துவிட்டான்.

பொலிஸ் எங்கள் லூயிஷாம் வீட்டு வாசலுக்கு வந்தபோது, பீற்றரின் அகதி வழக்குக்கு மூன்று கிழமைதான் இருந்தது. இவருக்கு இந்த நாட்டில் இருக்க ஏற்கெனவே விசா கிடைத்திருந்தது. இவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, கார் என்னுடையது, செய்தது நான் என்று கையால் காட்டிவிட்டுப் பொலிஸ் வாகனத்தில் ஏறினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வெளியில் மூச்சு விடுவதில்லை என்று மாதா படத்துக்கு முன்னால் மூன்று பேரும் சத்தியம் செய்தோம்.

விசா போர்மை நிரப்பித் தந்தவர் மனோர் பார்க் செல்வரத்தினம் அண்ணை. எங்கள் ஆட்களுக்குப் போர்ம் என்றால் அவர்தான். எந்தக் கேள்வி வந்தாலும் 'இல்லை' என்ற பெட்டியில் புள்ளடி போட்டுவிடுவார். அகதி மனு எழுதிய காலத்துப் பழக்கம். இல்லை என்றவனை ஒருவரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்களாம். குற்றத் தீர்ப்பு ஏதும் உண்டா என்ற கேள்விக்கும் அதே புள்ளடி. கையெழுத்துப் போட்டு அனுப்பின பிறகு, நேர்முகத்துக்குப் போகிற ரயிலில்தான் பிரதியை எடுத்து வாசித்தேன். ஸ்டேசனில் இறங்கி அவருக்குப் போன் எடுத்தேன். ஐந்து வருடம் தாண்டினால் இந்த நாட்டில் அது செத்த கணக்கு, பேசாமல் போ தங்கச்சி என்றார். இந்த நாட்டில் சரி. நாங்கள் போகக் கேட்பது கனடாவுக்கல்லவா?

அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்று முதலிலேயே என்னிடம் சொன்னார். தலையாட்டினேன். பயணத்தின் நோக்கம் வேட்டை என்று கண்டதும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தானும் வேட்டைக்காரன்தானாம். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நிற்பதைப் பற்றி இவர் சொல்ல, நான் திக்கித் திணறி ஆங்கிலமாக்க, அவர் சிரித்துச் சிரித்துக் கேட்டார். விசா கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு அவர் போர்மைப் புரட்டினார். எந்த நாட்டிலாவது, எவ்வளவு பழையதானாலும், உங்களுக்கு எதிராகக் குற்றத் தீர்ப்பு உண்டா? போர்மில் இல்லை என்றிருக்கிறது. வாயாலும் சொல்லட்டும் என்றார்.

நான் அதைத் தமிழில் சொல்லி, இல்லை என்றே சொல்லுவோம் என்றும் மெல்லச் சேர்த்தேன். இவர் அண்ணையின் கடிதம் இருந்த சட்டைப் பைக்கு மேலே கையை வைத்தார்.

"பொய் சொல்லிப்போட்டு அண்ணைக்குப் பக்கத்திலை போய் நிக்க ஏலாது. ஓம் எண்டு சொல்லு."

சொன்னேன். அதிகாரியின் பேனை நின்றது. நடந்ததைச் சொல்லச் சொன்னார். இவரும் தான் செய்தது மாதிரியே சுருக்கு, காடு, மான் எல்லாம் சொன்னார். எந்த மாதம் என்று கேட்டார் அதிகாரி. ஏப்ரல். ஆணா, பெண்ணா? பெண்.

அவர் கதிரையில் பின்னால் சாய்ந்தார். ஏப்ரலில் பெண்மான் சினையாக இருக்கும். சின்ன வயதிலிருந்து வேட்டையாடுகிற உமக்கு அது தெரியாதா? அதைக் கேட்டபோது அந்தக் குரலில் இருந்தது அதிகாரம் இல்லை, அருவருப்பு. கேள்வியை நான் தமிழில் சொன்னேன். இவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த கழுத்தில் வியர்வை ஓடியது.

எனக்குப் பொறுக்கவில்லை. சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது. இந்த மனிதர் சினைமானைத் தொடவில்லை, செய்தவன் என் தம்பி பீற்றர், அவனுக்காக இவர் பழியை ஏற்றவர் என்று ஆங்கிலத்தில் கொட்டிவிட்டேன். அதில் இவருக்கு விளங்கியது பீற்றர் என்ற பெயர் மட்டும்தான். அதுவே போதும். சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதிகாரி என்னைக் கையமர்த்தினார். நான் உம்மைக் கேட்கவில்லை. நீர் சொன்னது உண்மையா என்று அவரிடம் கேளும் என்றார்.

"நான் சொன்னது உண்மையோ எண்டு கேக்கிறார். ஓம் எண்டு சொல்லுங்கோ. அண்ணையை நினைச்சுக்கொண்டு சொல்லுங்கோ."

ஹரோவில் பீற்றருக்கு இப்போது வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள். பிரஜாவுரிமை மனுவும் போட்டிருக்கிறான். இவருக்கு அதெல்லாம் தெரியும். அவ்வளவு நேரமும் சட்டைப் பைக்கு மேலேயே கையை வைத்திருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"என்னிலை இரக்கப்பட்டு அப்பிடிச் சொல்லுறாள். நான்தான் சுருக்கு வைச்சனான். அதைச் சொல்லு."

மாற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைக்காமல் இருக்க நான் என்ன கல்லா? ஆனால் இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். யெஸ், நோ இரண்டும் அவருக்கு விளங்கும். நோ என்றேன். தானே செய்ததாகச் சொல்கிறார் என்றேன்.

போர்மில் பொய், தீர்ப்பு உண்மை, விசா இல்லை. அதிகாரி எழுந்து கைகூடக் கொடுக்கவில்லை. லூயிஷாம் வரும்வரை ரயிலில் நான் இவரைத் திட்டினேன், பீற்றரைத் திட்டினேன், செல்வரத்தினம் அண்ணையின் புள்ளடிகளையும் திட்டினேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தார்.

பின்னேரம் ஆறு மணிக்குக் கனடாவிலிருந்து போன் வந்தது. வேலையில் ஷிப்ட் மாற்ற ஏலாமல் போய்விட்டது, இந்த வருடம் வர முடியாது என்று இவர் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. அந்தப் பக்கம் பெனடிக்ற் அத்தானின் குரல் தணிந்து, சரி, சரி என்கிறது. போனை வைக்கப் போகிறார்கள். நான் அதைப் பறித்தேன்.

ஒரே மூச்சில் சொன்னேன். மசக்கை, மான் வத்தல், கார், பீற்றரின் வழக்கு, இன்றைக்கு நடந்தது, எல்லாம். இவர் போனைப் பிடுங்கப் பார்த்தார். முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அவன் சொல்லமாட்டான், அவன்ரை குணம் எனக்குத் தெரியும். ஒன்பது வருசமா நீ ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

போனை இவரிடம் நீட்டினேன்.