பத்ரிநாத் தோள் கொடுத்த பாடை

என் புருஷன் உத்தமன் குடித்துவிட்டுத்தான் செத்தான் என்று மேனேஜர் பத்ரிநாத் எல்லாரிடமும் சொல்வதை, கம்பெனி வாட்ச்மேன் சின்னப்பா வந்து சொன்னபோது, பிணத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். என் அழுகை அத்தோடு நின்றது. செம்பைக் கீழே வைத்தேன்.

டேனரி ரோடு ரெடிமேட் கம்பெனியில் உத்தமன் இஸ்திரி போட்டார். தலைக்கு மேல் தகரக் கூரை, கையில் நீராவிப் பெட்டி. ஃபேன் ஓடினால் வெள்ளைச் சட்டையில் நூல் தூசி ஒட்டுகிறது என்று, ஏப்ரல் பிறந்ததும் ஃபேனைக் கழற்றி ஜன்னலையும் சாத்த வைத்தார் பத்ரிநாத். "பெங்களூர்ல எதுக்குய்யா ஃபேன்? ஊரே ஏசி" என்றாராம். மரம் அடர்ந்த மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஊர் குளிர்ந்து கிடந்த அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது. மரங்களை வெட்டித் தீர்த்தாயிற்று, உலகமே சூடாகிறது என்று பேப்பரில் போடுகிறார்கள். அவர் செத்த தொண்ணூற்றெட்டு ஏப்ரலில் எங்கள் ஷீட் கூரை வீட்டுச் சுவரில் கை வைக்க முடியவில்லை. அந்த ஆளுக்கு மட்டும் ஊர் இன்னும் குளுகுளு.

முந்தின நாள் மத்தியானம் இஸ்திரி மேஜையில் உத்தமன் தள்ளாடியிருக்கிறார், என்னென்னவோ உளறியிருக்கிறார். உடம்பு அனலாய்க் கொதித்தும் ஒரு சொட்டு வேர்வை இல்லை. "தண்ணி போட்டிருக்கான், வெளிய உக்கார வை" என்று வெயிலிலேயே உட்கார வைத்துவிட்டார் பத்ரிநாத். ஆஸ்பத்திரியில் உயிர் போன பிறகு டாக்டர் என்னிடம் சொன்னார்: "வெயில் தாக்குனா இப்படித்தாம்மா மூளை கலங்கும். அப்பவே நிழல்ல படுக்க வச்சு உடம்ப நனைச்சிருந்தா பொழச்சிருப்பாரு."

பீடிகூடத் தொடாத மனுஷன். குடிகாரப் பட்டத்தோடு அவரைக் குழியில் இறக்க விடுவேனா?

எங்கள் வழக்கத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். நான் நிற்கவில்லை. தப்படிப்பவர்களுக்கு முன்னால் நடந்து, பாடையைக் கம்பெனி கேட்டுக்கு நடுவில் இறக்கச் சொன்னேன். உள்ளே சரக்கு ஏற்றிய லாரி கிளம்ப நின்றது. மிஷின் சத்தம் அடங்கி, எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். பத்ரிநாத் ஓடிவந்தார்.

"என்னம்மா சரளா இது? லாரி போகணும், பாடிய எடுக்கச் சொல்லு."

"அவரு குடிச்சிருந்தாரா?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"இப்ப சொல்லு. எல்லாருக்கும் கேக்கணும்."

சார் போட்டே பழகிய வாய். அன்று நீ என்றுதான் வந்தது. அவர் லாரியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். ஒருத்தரும் நகரவில்லை.

"குடிக்கல."

"சத்தமா."

"உத்தமன் குடிக்கல! வெயில்தான். நான்தான் தப்பா நெனச்சிட்டேன்."

எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. "வந்து தோள் குடு" என்றேன்.

"நானா?"

பாடையின் முன்பக்கம் தூக்கி வந்தவன் விலகி இடம் விட்டான். பாடை தூக்குகிறவர்கள் செருப்புப் போடக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். பத்ரிநாத் ஷூவைக் கழற்றினார்.

கல்பள்ளி மயானம் வரைக்கும் தார் ரோடு, உச்சி வெயில். நான் பத்ரிநாத் பக்கத்திலேயே நடந்தேன். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, காலை மாற்றி மாற்றி வைத்தார். பாதி வழியில் ஒரு புங்க மரம் வந்தது.

"சரளா, முடியல. ஒரு நிமிஷம் இங்க இறக்கலாமா?"

நான் நிற்காமல் மரத்தைத் தாண்டி நடந்தேன். அப்புறம் தப்படிப்பவர்களிடம் போய், இன்னும் மெதுவாக நடக்கச் சொன்னேன்.