காலி நாற்காலியின் சத்தம்

இருநூற்றுப் பதின்மூன்றாவது மூச்சை வெட்டி எடுத்தபோது பிற்பகல் மணி மூன்று. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவனுக்கு அதுதான் வேலை. புத்தகம் வாசிப்பவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் இழுக்கும் மூச்சைக் கத்தரித்து, அந்த இடத்தில் அறையின் வெறும் சத்தத்தை ஒட்டுவான். ஒட்டாவிட்டால் குரலுக்கு நடுவே பள்ளம் விழும். அந்த வெறும் சத்தத்துக்காக வாசிப்பவர் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலைபோல் உட்கார வேண்டும்.

வாசித்தவள் அவன் மனைவி. புத்தர் கண்ட விழிப்பைப் பற்றி ஒரு பிக்கு எழுதிய பத்துப் பாடங்கள். ஒன்பது வெளியாகிவிட்டன. பத்தாவதை வாசித்து முடித்த அன்று வெறும் சத்தம் எடுக்க இருவருமே மறந்துவிட்டார்கள்.

"நாளைக்கு வந்து சும்மா உக்காந்துட்டுப் போறேன். அதுக்குப் பெரிய படிப்பா படிக்கணும்?" என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். மறுநாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

நாலு மாதமாகிறது. அவன் இன்னும் அழவில்லை. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பவன்போல நாட்களை இழுத்துக்கொண்டிருந்தான். சாயங்காலத்துக்குள் பத்தாவது பாடம் கைக்கு வராவிட்டால் வேறு குரலில் எடுத்துக்கொள்வதாக முதலாளி காலையில் சொல்லிவிட்டார். அப்படி எடுத்தால் அவள் கடைசியாக வாசித்தது குப்பைக்குப் போகும்.

வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் மச்சினி உள்ளே வந்தாள்.

"முதலாளி ரெண்டு தடவ தலைய நீட்டிட்டாரு மாமா. மூணாவது தடவ நீட்டினா கதவச் சாத்திருவேன், சொல்லிட்டேன்."

"வெறும் சத்தம் மட்டும் வேணும். காலி ரூமையே எடுத்துக்கிறேன்."

"ஆள் உக்காந்தாத்தான் சரியா வரும்னு அக்காவ அந்தப் பாடு படுத்துவீங்களே."

அவன் வாசிப்பு அறையின் கனத்த கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவை ஓடவிட்டான். உள்ளே நாற்காலி. மனைவியின் வாய் உயரத்தில் மைக். அரை நிமிடம் எடுத்து நிறுத்தினான். திரையில் ஒலியைக் காட்டும் கோடு தட்டையாக இருந்திருக்க வேண்டும். நாலு விநாடிக்கு ஒருமுறை லேசாக உப்பி அடங்கியிருந்தது.

"ஏசி சத்தமா இருக்கும்" என்றான்.

மச்சினி ஏசியை நிறுத்தினாள். மறுபடி எடுத்தான். மறுபடியும் உப்பல். ஹெட்போனை அவளிடம் நீட்டினான். கேட்டுக்கொண்டே இருந்தவள் மெதுவாகக் கழற்றினாள்.

"அக்காவுக்கு மூக்கெலும்பு கொஞ்சம் வளைவு மாமா. மூச்சு முடியிற எடத்துல சின்னதா ஒரு விசில் வரும். ஒரே பாயில படுத்தப்ப, இதுக்காக எத்தன ஒத விட்டிருப்பேன்." குரல் இறங்கியது. "அழிச்சிருங்க."

அவன் பாடத்தின் கடைசிப் பகுதியை ஓடவிட்டான். நூறு தடவை காதில் விழுந்ததுதான். 'மூச்சு விடுகிறவர் என்று உள்ளே ஒருவரும் இல்லை. மூச்சு நடக்கிறது, அவ்வளவே. அதைப் பார்த்துக்கொண்டிரு. பார்க்கப் பார்க்கப் பிடி தளரும்.' இத்தனை நாளும் அதில் வெட்ட வேண்டிய இடங்களை மட்டுமே அவன் கேட்டிருந்தான்.

அழிக்கவில்லை. இருநூற்றுப் பதின்மூன்று பள்ளங்களிலும் அந்தக் காலி நாற்காலியின் சத்தத்தை நிரப்பினான். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. கடைசி மூச்சின்மேல் விரல் வெகுநேரம் நின்றது. பிறகு அதையும் வெட்டினான். ஒட்டினான். முதலாளிக்கு அனுப்பினான்.

எழுந்து வாசிப்பு அறைக் கதவைத் திறந்தான்.

"எங்க மாமா?"

"சும்மா உக்காந்துட்டு வரேன்."

நாற்காலியைத் தொடாமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கதவு மூடியது. கண்ணாடிக்கு அப்பால், மைக்கில் விழும் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சை விளக்குகள் பதிவுக் கருவியில் வரிசையாக ஏறின, இறங்கின. அவன் மூச்சைப் பிடித்தான். ஏறின, இறங்கின. நெஞ்சு வலித்தது. நாலு மாதத்தில் முதல்முறையாக ஏதோ வலித்தது.

ஸ்பீக்கரில் மச்சினியின் குரல் நடுங்கியது. "மாமா, மூச்சு விடுங்க."

விட்டான். கண்ணில் கோத்த நீரில் விளக்குகள் கலங்கின. அவை முன்போலவே, கூடாமலும் குறையாமலும், ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.